மூன்று நிமிடப் பாலத்துக்கு மூன்று நாள்: அகாஷி முதல் நருட்டோ வரை

ஏப்ரல் 12, 2025, சனிக்கிழமை – மைக்கோ, பாலத்துக்கு அடியில்

ஜப்பானில் கோபே நகரையும் அவாஜித் தீவையும் இணைக்கும் அகாஷி நீரிணைத் தொங்குபாலத்தின் நீளம் 3,911 மீட்டர். அதன்மேல் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் 176 விநாடியில் பாலம் முடிந்துவிடும். நடுவில் நிறுத்தக் கூடாது. நடந்தோ சைக்கிளிலோ கடக்கவும் அனுமதி இல்லை. காரில் ஏறி அக்கரை போவதை மட்டுமே திட்டமாக வைத்துக்கொண்டு வருபவர்கள், 'இவ்வளவுதானா?' என்று கேட்டுக்கொண்டே திரும்புவது இதனால்தான். வண்டி ஓட்டுபவர் கண்ணுக்குத்தான் இந்தப் பாலம் மிகக் குறைவாகத் தெரிகிறது. ஆகவே முதல் நாள் கார் வேண்டாம். கோபே நகரிலிருந்து உள்ளூர் ரயிலில் மைக்கோ நிலையம் வந்து இறங்கினால் போதும். பாலம் தலைக்கு மேலேயே இருக்கும்.

நிலையத்திலிருந்து கடற்கரைப் பூங்கா ஐந்து நிமிட நடை. முதலில் பார்க்க வேண்டியது கோபுரங்களை அல்ல, கரையில் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் திண்டைத்தான். இந்தக் கரையில் இரண்டு முதன்மை வடங்களின் இழுவை முழுவதையும் தாங்குவது இதுவே. தரைக்குக் கீழே இதன் அடித்தளம் 85 மீட்டர் விட்டத்தில் வட்டமாக 63.5 மீட்டர் ஆழம் இறங்குகிறது. வெளியே தெரிவது தொப்பி மட்டும்தான். தொங்குபாலத்தில் கோபுரம் எடையைச் சுமக்கிறது, வடம் எடையை இழுவையாக மாற்றுகிறது, இந்தத் திண்டு அந்த இழுவைக்கு அசையாமல் நிற்கிறது. திண்டு நகர்ந்தால் பாலமும் நகரும். அப்படி ஒருமுறை நகர்ந்தும் இருக்கிறது. அது நாளைய பதிவில்.

திண்டுக்குப் பக்கத்திலிருந்து மின்தூக்கியில் ஏறினால், பாலத்தின் எஃகுச் சட்டகத்துக்குள்ளேயே ஒரு நடைபாதை உண்டு. கடல் மட்டத்திலிருந்து 47 மீட்டர் உயரத்தில், கரையிலிருந்து சுமார் 150 மீட்டர் வரை கடலுக்குள் போய்த் திரும்பும் வளையம் அது. வார நாளில் 250 யென், வார இறுதியில் 300 யென். தரையில் கண்ணாடி பதித்த இடங்களில் கீழே நீர் ஓடுவது தெரிகிறது. பலரும் கண்ணாடியில் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கண்ணாடியை விட்டு நிமிர்ந்து சட்டகத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது. அதன் ஆழம் 14 மீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். அகலம் 35.5 மீட்டர். அமெரிக்காவில் டகோமா பாலம் 1940 நவம்பரில் மணிக்கு 70 கிலோமீட்டர்கூட எட்டாத காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்தது. அதன் பக்கவாட்டு எஃகுத் தகடு 2.4 மீட்டர் ஆழம்தான், அதுவும் காற்றுப் புக வழியில்லாத அடைத்த தகடு. இங்கே சட்டகம் முழுக்கத் திறந்திருக்கிறது. சாலைத் தளத்திலும் நடுவிலும் ஓரங்களிலும் இரும்புக் கிராதி போட்டுக் காற்றுக்கு வழி விட்டிருக்கிறார்கள். நடுத் தடுப்புக்குக் கீழே செங்குத்தாக ஒரு தகடும் ஓடுகிறது. மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் சேர்ந்து தளத்தைத் திருகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பாலத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, 40 மீட்டர் நீள மாதிரி செய்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே இந்த வடிவத்துக்கு வந்தார்கள்.

அந்தக் கிராதி வழியாக வண்டிச் சத்தம் கீழே இறங்குகிறது. தொடர்ந்து ஒரு முனகல், லாரி போகும்போது 'டக்… டக்' என்று இரட்டைத் தட்டு. தளத் துண்டுகளுக்கு நடுவில் உள்ள விரிவு இணைப்புகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஏறி இறங்கும் சத்தம் அது. எஃகு வெயிலில் நீளும். இரண்டு கோபுரங்களுக்கு இடையிலான 1,991 மீட்டர் நடு இடைவெளியில் வெப்பம் 30 டிகிரி மாறினால் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர் மாறுகிறது. அதை விழுங்கிக்கொள்ளவே அந்த இணைப்புகள். நாளைக்கு ஸ்டியரிங்கில் இதே தட்டு கைக்கு வரும். டயர் பஞ்சர் என்று பயப்பட வேண்டாம்.

பக்கத்திலேயே பாலத்துக்கென்று ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. வடத்தின் வெட்டுத் துண்டு ஒன்றை அங்கே காணலாம். ஒரு வடத்தின் விட்டம் 1.12 மீட்டர். அதற்குள் 5.23 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கம்பிகள் 36,830. கயிறு போல முறுக்கியதில்லை, எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்திருக்கின்றன. 127 கம்பி கொண்ட கட்டுகள் 290 என்று சேர்த்தது. முறுக்கினால் கம்பியின் வலுவில் ஒரு பகுதி வீணாகும், இழுத்தால் வடம் நீளவும் செய்யும். இரண்டு வடத்துக் கம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 3,00,000 கிலோமீட்டர் வரும். உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிக்காமல் இருக்க, உலர்த்திய காற்றை வடத்துக்குள் ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். பிற நாட்டுப் பாலங்கள் பிறகு இந்த முறையை எடுத்துக்கொண்டன. பயணிகள் யாரும் கவனிக்காத, ஆனால் இந்தப் பாலத்திலேயே மிகவும் மெச்ச வேண்டிய வேலை இதுதான்.

சாப்பாடு: பக்கத்து ஊரான அகாஷியின் பெயரிலேயே ஒரு பலகாரம் உண்டு, அகாஷியாகி. முட்டை தூக்கலான மாவில் ஆக்டோபஸ் துண்டு வைத்து நம் குழிப்பணியாரக் கல் போன்ற செப்புக் கல்லில் சுடுகிறார்கள். சாய்ந்த மரப்பலகையில் வரிசையாக வரும். சாஸ் கிடையாது, வெதுவெதுப்பான ரசம் போன்ற நீரில் தோய்த்துத் தின்ன வேண்டும். மிகவும் மெத்து, கோலால் அழுத்திப் பிடித்தால் உடையும், கீழே கொடுத்துத் தூக்க வேண்டும். ஒரு பலகை ஆயிரம் யெனுக்குள் கிடைக்கிறது. சைவர்களுக்கு இதில் இடமில்லை. தோய்க்கும் நீரிலும் மீன் சாறுதான். சைவர்கள் ரயில் நிலையத்துக் கடையில் உமெபோஷி என்ற உப்புப் பழம் வைத்த சோற்று உருண்டை வாங்கிக் கொண்டு பூங்காவில் உட்காரலாம். ஒன்று 150 யென் சுற்றில்.

மாலை வரை இருந்துவிடுவது நல்லது. விளக்கு எரியும்போது வடத்தின் வளைவு முழுசாகத் தெரியும். உள்ளூரில் இதை 'முத்துப் பாலம்' என்ற பொருளில் பேர்ல் பிரிட்ஜ் என்கிறார்கள். கடற்காற்று ஏப்ரலிலும் குளிர்கிறது, ஒரு ஜாக்கெட் தேவை.

ஏப்ரல் 13, ஞாயிறு – மழையில் பாலம், அவாஜித் தீவு

ஒசாகாவில் உலகக் கண்காட்சி தொடங்கிய நாள். வானமோ காலையிலிருந்தே மழையும் காற்றுமாக இருந்தது. தொங்குபாலத்தில் வண்டி ஓட்ட இது கெட்ட நாள், தொங்குபாலத்தைப் புரிந்துகொள்ள நல்ல நாள்.

முதலில் வண்டி விஷயம். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் இருக்கின்றன. இலங்கையும் இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் கூடவே காட்ட வேண்டும். இடப்பக்கச் சாலை, வலப்பக்க ஸ்டியரிங், இண்டிகேட்டரும் வலக்கையில்தான். மாருதி ஓட்டிப் பழகியவர்களுக்குப் பத்து நிமிடத்தில் கை படிந்துவிடும். மறக்கக் கூடாதவை இரண்டு: சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்பக் கூடாது, ரயில்வே கடவையில் கேட் திறந்திருந்தாலும் முழுதாக நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

வாடகைக் காரில் ஈடிசி கார்டு கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ஃபாஸ்டேக் போன்றது, ஆனால் கண்ணாடியில் ஒட்டுவதில்லை, வண்டிக்குள் இருக்கும் கருவியில் செருகுவது. கார்டு வாடகை 300 யென் சொச்சம். அதை மிச்சம் பிடிக்க நினைத்தால் பெரிய நஷ்டம். கோபே பக்கத்துத் தாருமியில் ஏறி அவாஜியில் இறங்கினால் கார்டில் சாதாரணக் காருக்குச் சுமார் 900 யென், ரொக்கத்தில் சுமார் 2,400 யென். இரண்டரை மடங்குக்கும் மேல். வாடகைக்குக் கொடுப்பவர்கள் கார்டை உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, செருகாமலே அனுப்பிவிடுவது உண்டு. இன்றைக்கு அதுதான் நடந்தது. சுங்கச்சாவடிக்கு முன்னால் கருவியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எரியாமல் ஈடிசி வழிக்குள் நுழைந்தால் தடுப்புக் கம்பி எழாது. அப்போது செய்யக் கூடாதது பின்னால் எடுப்பது. செய்ய வேண்டியது நின்ற இடத்திலேயே நின்று, பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பேசுவது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் ஊழியர் வந்துவிடுகிறார். வந்தவர் மழையில் நனைந்துகொண்டே குனிந்து வணங்கிவிட்டுத்தான் கார்டைக் கையில் வாங்கினார். பின்னால் நான்கு வண்டிகள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கிளம்பும்போது இரண்டு தடவை அபாய விளக்கைச் சிமிட்டினால் அது பின்னால் இருப்பவர்களுக்கு நன்றி.

தாருமியிலிருந்து பாலத்துக்குப் போகும் வழியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம். இந்தப் பாலத்தில் வண்டி ஓட்டுவதில் சிக்கலான இடம் பாலம் அல்ல, இந்தச் சுரங்கத்தின் வாய்தான். உள்ளே காற்றே இல்லை, மழையும் இல்லை, மஞ்சள் வெளிச்சம். வெளியே வந்த நொடியில் கண் கூசும், கண்ணாடியில் நீர் அறையும், பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். மூன்றும் ஒரே சமயத்தில். சுரங்கம் முடிவதற்கு முன்பே வைப்பரைப் போட்டுக்கொள்வது, கண்ணாடி உள்பக்கம் புகை மூடாமல் ஏசியைத் திருப்பிவிடுவது, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைப்பது, வேகத்தைச் சற்றுக் குறைப்பது. இவ்வளவு செய்தால் போதும். சுரங்க வாய்க்கு முன்னால் இருக்கும் மின்பலகையில் காற்றின் வேகமும் அன்றைய வேக வரம்பும் வரும். பத்து நிமிடச் சராசரிக் காற்று விநாடிக்கு 25 மீட்டரை எட்டினால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர், பாலத்தையே மூடிவிடுவார்கள். அதற்குள் தீவில் இருப்பவர்கள் தீவிலேயே இருக்க வேண்டியதுதான். புயல் பருவத்தில் வருபவர்கள் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாலத்தின்மேல் மூன்று தடம் போக, மூன்று தடம் வர. புதிதாக வருபவர்களுக்கு இடது ஓரத் தடம். லாரிகளும் அதிலேயே நிதானமாகப் போகின்றன. சாலை நடுப்பகுதி வரை மெல்ல ஏறுகிறது. ஆக்சிலரேட்டரைத் தவிர வேறெங்கும் அது தெரியாது. கப்பல் போக 65 மீட்டர் உயரம் விட்டிருக்கிறார்கள். அதற்குமேல் சட்டகத்தின் ஆழம் 14 மீட்டர். கூட்டிப் பார்த்தால் நடுவில் சக்கரம் உருளுவது கடலுக்கு ஏறத்தாழ 80 மீட்டர் மேலே.

முதல் கோபுரம். கடல் மட்டத்திலிருந்து 298.3 மீட்டர். கண்ணாடி வழியாக உச்சி தெரியாது, குனிந்து பார்க்க முயலவும் வேண்டாம். காற்றுள்ள நாளில் கோபுரத்தைத் தாண்டுவது தனி அனுபவம். கோபுரக் கால் ஒரு கணம் காற்றை மறைக்கிறது, காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்திருந்த ஸ்டியரிங் அந்தக் கணத்தில் வண்டியைக் காற்று வரும் பக்கம் இழுக்கிறது, உடனே காற்று மறுபடி அறைகிறது. எல்லாம் ஒரு விநாடிக்குள். பதறித் திருத்துபவர்கள்தான் தடம் மாறிவிடுகிறார்கள். திருத்தாமல் பிடித்த பிடியிலேயே போக வேண்டும். உயரமான வேன் எடுத்தவர்களுக்கு இந்த அறை இரட்டிப்பாக இருக்கும். தீவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் காற்றுக் காலத்தில் தாழ்ந்த வண்டி எடுப்பது நல்லது.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: பாலம் ஆடுவது தெரிகிறதா? தெரியவில்லை. ஆடவில்லை என்று அர்த்தமில்லை. மிகக் கடுமையான புயலுக்குக் கணக்கிட்டபோது நடுப்பகுதி பக்கவாட்டில் சுமார் 27 மீட்டர் வரை நகரலாம் என்று வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த அசைவு மிக மெதுவானது. உடம்பு வேகமான மாற்றத்தைத்தான் உணரும், மெதுவான நகர்வை உணராது. வண்டி குலுங்குவதெல்லாம் வண்டியின் மேல் படும் காற்றால்தான். கோபுரங்களின் ஆட்டத்தை அடக்க ஒவ்வொன்றுக்குள்ளும் 20 எடைக் கட்டிகள் ஊசல் போலத் தொங்குகின்றன. கோபுரம் ஒரு பக்கம் சாய முனைந்தால் அவை மறுபக்கம் போய் ஆட்டத்தைத் தின்றுவிடும்.

இரண்டு கோபுரங்களும் செங்குத்தாக நிற்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று இணையில்லை. இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குப் பூமி வளைந்துவிடுவதால், அடியில் இருப்பதைவிட உச்சியில் இடைவெளி 93 மில்லிமீட்டர் கூடுதல். பாலத்தின் நீளத்தைச் சொல்ல எத்தனையோ எண்கள் இருக்கின்றன, இந்த ஒன்பது சென்டிமீட்டரைப் போல மனதில் பதிவது வேறொன்றில்லை.

அக்கரையில் இறங்கியதும் இடப்பக்கம் அவாஜி ஓய்வு நிலையம். இங்கே கட்டாயம் நிறுத்துங்கள். கடந்து வந்த பாலத்தை முதன்முறையாக முழு நீளத்துக்கும் பார்ப்பது இங்கிருந்துதான். ராட்டினம் ஒன்றும் இருக்கிறது, மழையில் கண்ணாடி மூடிப் பயனில்லை. வண்டிகளைப் பின்பக்கமாகத்தான் நிறுத்துகிறார்கள், எல்லா வண்டியின் முகமும் வெளியே பார்த்து நிற்கும். கழிப்பறையைச் சுத்தம் என்று மட்டும் சொன்னால் போதாது. கையோடு கொண்டுவந்த குப்பையைப் போடத் தொட்டி இருக்கிறது, இது ஜப்பானில் பெரிய விஷயம்.

அவாஜி வெங்காயத்துக்குப் பேர்போன தீவு. பச்சையாகக் கடித்தாலும் கண் கலங்காத இனிப்பு. வெங்காய சூப், வெங்காயம் வைத்த பர்கர், வெங்காய சிப்ஸ், எங்கும் அதுதான். சைவர்கள் சூப்பைக் கேட்காமல் வாங்க வேண்டாம், மாட்டிறைச்சி அல்லது கோழிச் சாற்றில் செய்ததாக இருக்கும். வெங்காயத்தை முழுசாகச் சுட்டுத் தரும் கடைகள் உண்டு. உப்பு மட்டும் போட்டுத் தரச் சொல்லலாம்.

பிற்பகலில் நோஜிமா பிளவு அருங்காட்சியகம், ஓய்வு நிலையத்திலிருந்து தெற்கே அரை மணி நேர ஓட்டத்துக்குள். 1995 ஜனவரி 17 காலை 5.46 மணிக்குக் கோபேயைச் சிதைத்த நிலநடுக்கம் நிலத்தைக் கிழித்த இடம். பிளவின் 140 மீட்டரை அப்படியே கூரை போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். வேலியும் வாய்க்காலும் நேராக வந்து, பிளவைத் தொட்ட இடத்தில் முறிந்து, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித் தொடர்கின்றன. பாலத்தின் கதை தெரியாமல் பார்த்தால் இது ஒரு நிலவியல் காட்சி. தெரிந்து பார்த்தால் வேறு. அந்தக் காலை, கட்டிக்கொண்டிருந்த பாலத்தில் கோபுரங்களும் நின்றிருந்தன, வடங்களும் போட்டாயிற்று. சாலைத் தளம் மட்டும் ஏற்றவில்லை. நிலநடுக்க மையம் பாலத்துக்கு மிக அருகில். ஒரு கோபுரமும் விழவில்லை. ஆனால் அவாஜிப் பக்கத்துக் கோபுரமும் திண்டும் தரையோடு சேர்ந்து நகர்ந்துவிட்டன. 1,990 மீட்டராக வரைந்திருந்த நடு இடைவெளி 1,991 ஆனது அப்படித்தான், சுமார் 80 சென்டிமீட்டர் கூடியது. பொறியாளர்கள் நீளத்தைப் புதிதாக அளந்து, தளத்தின் சட்டகத்தையும், முதன்மை வடத்திலிருந்து இறங்கித் தளத்தைத் தாங்கும் தொங்குவடங்களையும் அதற்கேற்பத் திருத்தி, 1998 ஏப்ரல் 5 அன்று பாலத்தைத் திறந்தார்கள். 2022 மார்ச்சில் துருக்கியில் 2,023 மீட்டர் இடைவெளியோடு சனாக்கலே பாலம் திறக்கும் வரை 24 ஆண்டுகள் உலகிலேயே நீளமான தொங்குபால இடைவெளி என்று பெயர் வாங்கியதும் அந்த நகர்ந்த நீளத்தோடுதான்.

பாலம் ஏன் இவ்வளவு நீளம் தாண்ட வேண்டியிருந்தது என்று கேட்டால், கீழே 1,500 மீட்டர் அகலத்துக்குக் கப்பல் பாதை. தூணை அதற்குள் நிறுத்த முடியாது. இந்த நீரிணையில் ஆழம் 110 மீட்டர் வரை இருக்கிறது, நீரோட்டம் விநாடிக்கு நான்கு மீட்டரைத் தாண்டும். கோபுரங்களுக்கு அடியில் சுமார் 80 மீட்டர் விட்டத்தில் எஃகுத் தொட்டிகளைச் செய்து, மிதக்கவிட்டு இழுத்துவந்து, நீரோட்டம் அடங்கும் குறுகிய வேளையில் அமிழ்த்தி, நீரில் கரைந்து பிரியாத கான்கிரீட்டை உள்ளே நிரப்பினார்கள். 1945 டிசம்பரில் இதே நீரிணையில் ஒரு பயணிப் படகு கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். பாலம் வேண்டும் என்ற பேச்சுக்கு அந்தச் சாவும் ஒரு காரணம்.

இரவு தீவின் நடுப்பகுதியில் தங்கல். கண்காட்சிக் கூட்டம் ஒசாகாவோடு நின்றுவிட்டது, தீவு அமைதி.

ஏப்ரல் 14, திங்கள் – சித்திரை முதல் நாள், நருட்டோ நீர்ச்சுழல்

நேற்று பௌர்ணமி. இந்தப் பயணத்தின் தேதி முழுக்க அதை வைத்துப் போட்டதுதான். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில்தான் நருட்டோவில் சுழல் பெரிதாக வரும், அதிலும் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும். மற்ற நாட்களில் போனால் நுரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். நீரோட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தை நாள்வாரியாக முன்கூட்டியே அட்டவணையாகப் போடுகிறார்கள். உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும்தான் சரியான வேளை. சுழலுக்கு நேரம் தேர்ந்தெடுத்துவிட்டு, சாப்பாட்டையும் கடைகளையும் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

அவாஜித் தீவின் தென்முனையிலிருந்து ஷிகோகு தீவுக்குப் போகும் ஓநருட்டோ பாலமும் தொங்குபாலம்தான். 1985 ஜூன் 8 அன்று திறந்தது, மொத்தம் 1,629 மீட்டர், நடு இடைவெளி 876. நேற்றைய பாலத்தைப் பார்த்த கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும், ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலில் தாண்டிவிடலாம். காரில் போகும்போது சுழல் தெரியுமா என்று எட்டிப் பார்க்க வேண்டாம். தடுப்புக்கு மேல் நீலம் மட்டும்தான் தெரியும். ஓட்டுபவர் எட்டிப் பார்ப்பது ஆபத்தும்கூட. பாலம் முடிந்தவுடன் வரும் வெளியேறும் வழியில் இறங்கி, பூங்காவில் வண்டியை நிறுத்திவிட்டு (500 யென்), பாலத்தின் வயிற்றுக்குள் நடந்து திரும்ப வேண்டும்.

இங்கே 450 மீட்டருக்கு நடைபாதை, கடலுக்கு 45 மீட்டர் மேலே, கட்டணம் 510 யென். இந்த நடைபாதை இருக்கும் கீழ்த்தளம் நடப்பவர்களுக்காகக் கட்டியதில்லை. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்காகக் கட்டியது. கோபேயிலிருந்து அவாஜி வழியாக ஷிகோகுவுக்கு ரயில் வரும் என்று நம்பி இந்தப் பாலத்தில் இடம் ஒதுக்கினார்கள். இது திறந்த அதே 1985இல், அகாஷிப் பாலம் சாலைக்கு மட்டும் என்று முடிவாகிவிட்டது. ரயில் வர ஒரு முனையில் வழி இருக்கிறது, மறுமுனையில் இல்லை. காலியாகக் கிடந்த இடத்தில் 2000ஆம் ஆண்டு நடைபாதை போட்டார்கள்.

இரண்டு பாலங்களையும் ஒரே பயணத்தில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதைவிடப் பெரியது. சுழலை உண்டாக்குவதே அகாஷி நீரிணைதான். பசிபிக்கிலிருந்து ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஏறி வரும்போது நேராக நருட்டோவின் தென்வாசலுக்கு வந்துவிடுகிறது. அதே ஓதம் அவாஜித் தீவைச் சுற்றி, ஒசாகா விரிகுடாவுக்குள் போய், நேற்று நாம் கடந்த அகாஷி நீரிணை வழியாக நுழைந்து நருட்டோவின் வடவாசலுக்கு வர ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. அது வந்து சேரும்போது தென்பக்கம் நீர் வற்றத் தொடங்கியிருக்கும். வடக்கே மேடு, தெற்கே பள்ளம். நடுவில் 1.3 கிலோமீட்டர் அகலமே உள்ள ஒடுக்கமான வாய். ஒன்றரை மீட்டர் வரை உயர வேறுபாட்டோடு கடல் அதன் வழியே ஆறு போல விழுகிறது. ஆழமான நடுப்பகுதியில் நீர் வேகமாக ஓட, ஆழம் குறைந்த ஓரங்களில் பின்தங்க, அந்த இரண்டும் உரசும் கோட்டில் சுழல் பிறக்கிறது. பெரியது 20 மீட்டர் விட்டம் வரை போகும். ஒன்று நிற்பது சில விநாடிகளிலிருந்து அரை நிமிடம் வரைதான். கலைந்து, பக்கத்தில் வேறொன்று பிறக்கும்.

கண்ணாடித் தரையில் நின்று நேர் கீழே பார்த்தால் சுழலின் குழி தெரிகிறது. ஆனால் நல்ல இடம் கண்ணாடி அல்ல, பக்கவாட்டு வலைக் கம்பிதான். சற்றுத் தள்ளி, சாய்வாகப் பார்க்கும்போதுதான் வடக்குக் கடல் மேடாகவும் தெற்குக் கடல் தாழ்வாகவும் இருப்பது கண்ணுக்குப் பிடிபடுகிறது. கடலில் படிக்கட்டு இருப்பது போன்ற அந்தக் காட்சியைச் சுழலைத் தேடும் அவசரத்தில் பலரும் தவறவிடுகிறார்கள். வலை வழியாகக் காற்று முழு வேகத்தில் வருகிறது. தொப்பி, கைக்குட்டை, நுழைவுச் சீட்டு எதையும் கையில் வைத்திருக்காதீர்கள்.

பாலத்தின் தூண்களையும் பார்க்க வேண்டும். ஒரே பெரிய கட்டையாக இல்லாமல், பல உருளைத் தூண்களாகப் பிரித்து நிறுத்தியிருக்கிறார்கள். நீர் நடுவே புகுந்து போகும். நீரோட்டத்தைத் தடுத்தால் சுழல் கெட்டுவிடும் என்பதால் செய்த ஏற்பாடு. பாலம் கட்டுபவர்கள் கடலின் ஆட்டத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த இடம் அதிகமில்லை.

சாப்பாட்டில் இன்று சைவர்களுக்கும் பங்கு உண்டு. நருட்டோ கின்தோக்கி என்று சிவப்புத் தோல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மணற்பாங்கான நிலத்தில் விளைவது. சுட்டது காகிதத்தில் சுற்றிக் கிடைக்கும், பாகு போலக் குழையாமல் மாவு போல உதிரும். கடைக்காரப் பாட்டி சூடானதைக் கொடுக்கும்போது, கை சுடும் என்று சைகையில் காட்டிவிட்டு இன்னொரு காகிதத்தையும் சுற்றிக் கொடுத்தார். நீரோட்டத்தில் வளரும் வகாமே கடற்பாசியும் இங்கே பெயர்பெற்றது. உலர்ந்ததை வாங்கி ஊருக்கு எடுத்துவரலாம், ஊறவைத்தால் பல மடங்கு உப்பும், ஒரு சிட்டிகை போதும்.

காரைத் தொகுஷிமா நகரில் விட்டாயிற்று. எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்ரோலை நிரப்பி ரசீதோடு கொடுக்க வேண்டும், லிட்டர் 185 யென் அளவில் இருந்தது. பங்கில் 'ரெகுலர், மன்தான்' என்றால் முழுக்க நிரப்பிவிடுவார்கள். சின்ன வண்டிக்கு இரண்டு நாள் ஓட்டத்தில் ஒரு தொட்டிகூடத் தீரவில்லை.

திரும்ப கோபே பக்கம் போகப் பேருந்து. இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தது. பேருந்து இருக்கை காரைவிட வெகு உயரம், தடுப்புச் சுவர் மறைக்காது. ஓட்டும் கவலையும் இல்லை. வடக்கு நோக்கிப் போகும்போது இடப்பக்க சன்னல் கேட்டு வாங்குங்கள். மேற்கே சூரியன் இறங்கும் பக்கம், அகாஷி நகரமும் கப்பல் வரிசையும் அந்தப் பக்கம்தான். வடத்திலிருந்து இறங்கும் தொங்குவடங்களை இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டே போகலாம். பாலம் முடிந்ததும் 'கோசொக்கு மைக்கோ' என்ற நிறுத்தம் வரும், பொத்தானை அழுத்தி இறங்கிவிட வேண்டும், தவறினால் பேருந்து சுரங்கத்துக்குள் போய்விடும். நிறுத்தத்திலிருந்து மின்தூக்கியில் இறங்கினால் மைக்கோ ரயில் நிலையம். மேலே அந்த இரட்டைத் தட்டு கேட்டுக்கொண்டிருக்கிறது.